லேசான குண்டு போட்டால் மட்டும் உதை குறையாது

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள்: காலி உறையில் பவுடரை (வெடிமருந்தை) ஊற்றி, மேலே குண்டை அழுத்துவார்கள். முதல்முறை காட்டுக்கு வரும் பிள்ளைக்கோ, தோளில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கோ உதை (சுடும்போது துப்பாக்கி தோளை இடிப்பது) குறைவான தோட்டா வேண்டும் என்றதும் முதலில் தோன்றுவது லேசான குண்டு. 308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 150 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடைக் குண்டுக்குப் பதிலாக 125. யோசனை சரிதான். செய்கிற விதத்தில்தான் தவறு நடக்கிறது.

பெரும்பாலானோர் குண்டை மாற்றிவிட்டுப் பவுடரைக் கையேடு அனுமதிக்கும் உச்ச அளவுக்கே ஏற்றுகிறார்கள். உதையைத் தீர்மானிப்பது குண்டின் எடை மட்டும் அல்ல. அதன் வேகமும், குழல்வாயில் பீறிட்டு வெளியேறும் வாயுவும் சேர்ந்துதான் தோளை இடிக்கின்றன. லேசான குண்டுக்கான உச்ச அளவில் பொதுவாகப் பவுடரும் கூடும், வேகமும் கூடும். அதனால் குண்டின் எடை ஆறில் ஒரு பங்கு குறைந்தும் தோளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குறைக்க வேண்டியது பவுடரை.

அதற்காக எந்தப் பவுடரையும் இஷ்டத்துக்குக் குறைக்கலாமா? கூடவே கூடாது. மெதுவாக எரியும் பவுடரைக் கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்குக் கீழே இறக்கினால், உறைக்குள் பவுடர் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும், மேலே காலி இடம் இருக்கும். உறையின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் தீ சீராகப் பற்றாமல் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளலாம். சில வேளை அழுத்தம் திடீரென எகிறித் துப்பாக்கியே சிதறலாம். பவுடர் விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச் 4895 பவுடருக்கென்று ஒரு விதி தந்திருக்கிறது: தன் அட்டவணையில் உள்ள உச்ச அளவு 100 என்றால் 60 வரை இறக்கலாம், அதற்குக் கீழே கூடாது. நீங்கள் நிரப்பும் தோட்டாவுக்கும் குண்டுக்கும் எச் 4895 அந்த அட்டவணையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வேறு பவுடருக்கு இதைப் போட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அளவு குறையும்போது இன்னொரு ஆபத்தும் வருகிறது. முழு அளவு பவுடரைத் தவறுதலாக இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவு உறைக்குள்ளேயே அடங்கிவிடலாம். எனவே குண்டை அழுத்துவதற்கு முன், பலகையில் வரிசையாக நிற்கும் உறைகள் ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று சந்தேகமாக இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிறுங்கள்.

அப்புறம் குண்டுத் தேர்வு. எனக்கு இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் தவறினால் வேதனைப்படுவது மான். 125 கிரெய்னில் ஸ்பியர் நிறுவனத்தின் டிஎன்டி என்ற குண்டு சிறு பிராணிகளுக்கானது, பட்டதும் நொறுங்கும். மானின் தோள் எலும்பில் பட்டால் ஆழமாக இறங்காமல் போகலாம். அதே எடையில் நோஸ்லர் நிறுவனத்தின் பாலிஸ்டிக் டிப் குண்டு மான் போன்ற விலங்குகளின் வேட்டைக்கென்றே வருகிறது. எடையை மட்டும் பார்த்து டப்பாவை எடுக்காதீர்கள். வேட்டைக் குண்டுக்கும், பட்டதும் உடலுக்குள் விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல குண்டுகளுக்கு அது விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி. முழுச் செம்புக் குண்டுகள் பொதுவாக இன்னும் கறார். குழல்வாயில் அல்ல, மான் நிற்கும் தூரத்தில் அந்த வேகம் மிச்சம் இருக்க வேண்டும். பவுடரைக் குறைத்தால் சுடும் தூரத்தையும் குறைத்தே ஆக வேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். கொலராடோவில் மானுக்குக் குண்டு குறைந்தது 70 கிரெய்ன் இருக்க வேண்டும், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். மிகவும் குறைத்து நிரப்பிய தோட்டா இதில் தோற்றுவிடும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

கடைசியாக, பழைய தோட்டாவுக்கு வைத்த குறியை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள். புதிய தோட்டா சில அங்குலம் கீழேயோ பக்கவாட்டிலோ விழலாம். சுடுதளத்தில் 100 கஜத்தில் சுட்டு, துப்பாக்கியில் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருத்துங்கள். பிறகு 50, 150 கஜங்களிலும், யார் சுடப்போகிறாரோ அவரையே சுட வைத்துப் பாருங்கள்.