ஆட்டக்காரர் பயிற்சியாளராவது எப்படி? ஜிம்மி அலபாக் சென்ற வழி

கூடைப்பந்து ஆடி ஓய்வை நெருங்கும் பலருக்கும் பயிற்சியாளராக வேண்டும் என்ற விருப்பம் உண்டு. ஆனால் அதற்கான தயாரிப்பை ஓய்வுக்குப் பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் ஜிம்மி அலபாக்கின் வாழ்க்கை, அத்தயாரிப்பு ஆடும் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த அலபாக், 2003ஆம் ஆண்டு பி.பி.ஏ. (பிலிப்பைன்ஸின் தொழில்முறை கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பத்தாவதாக டாக் என் டெக்ஸ்ட் அணியால் தேர்வு செய்யப்பட்டார். உயரம் ஏறத்தாழ 175 செ.மீ. மட்டுமே. அவ்வாண்டே சிறந்த புதுமுக வீரர் விருதையும், 2011இல் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் பெற்றார். உடல் தராத சாதகத்தை ஆட்டத்தைப் படிக்கும் திறனால் ஈடுகட்டியவர் அவர். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, எந்த இடத்தில் ஆடினாலும் பாயிண்ட் கார்டைப் போல, அதாவது பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவரைப் போலச் சிந்திக்கப் பழகுவதுதான். சக ஆட்டக்காரர் நால்வரும் எங்கே நிற்க வேண்டும், எதிரணி பிக் அண்ட் ரோலை (ஒருவர் தடுப்பாளரை மறித்து நின்று, பிறகு கூடையை நோக்கி நகரும் உத்தி) எப்படித் தடுக்கிறது, உதவிக்கு வரும் தடுப்பாளர் யாரை விட்டுவிட்டு வருகிறார் என்பவற்றை ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நோட்டில் எழுதி வையுங்கள். தான் எடுத்த புள்ளிகளை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் பிறருக்குக் கற்றுத்தருவது கடினம்.

அடுத்தது, அணித் தலைமை. 2013இல் மணிலாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில், கூடைக்கு அருகே ஆடும் சென்டர் மார்கஸ் டவுதிட் காயத்தால் வெளியேறிய நிலையிலும், பிலிப்பைன்ஸ் தென் கொரியாவை 86–79 என்ற கணக்கில் வென்றது. கடைசிக் கால் பகுதியில் அணித் தலைவர் அலபாக் போட்ட மூன்று புள்ளி வீச்சுகள் அவ்வெற்றிக்கு முக்கியக் காரணம். 1978க்குப் பிறகு அந்நாடு மீண்டும் உலகக் கோப்பையில் ஆட வழி திறந்தது அவ்வெற்றிதான். அத்தகைய நெருக்கடியில் சக வீரர்களிடம் என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் முழுமையாகக் கற்றுத்தராது என்றே கருதுகிறேன். உங்கள் அணியில் தலைமைப் பொறுப்பு வந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

1985இல் பி.பி.ஏ.வின் ஜினெப்ரா அணியில் ராபர்ட் ஜவோர்ஸ்கி ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருக்கத் தொடங்கினார். அந்த வழி இன்று எவருக்கும் எளிதில் திறப்பதில்லை. எனவே துணைப் பயிற்சியாளர் பணியைத்தான் நாட வேண்டும். மெரால்கோ அணியுடன் 2016இல் ஆட்டத்தை முடித்துக்கொண்ட அலபாக், தேசிய அணியின் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரானார். அந்த இருக்கையில் இருக்கும்போது, டைம்-அவுட் (ஆட்டத்தை நிறுத்தி அணியுடன் பேசும் இடைவேளை) தருணங்களைக் கூர்ந்து கவனியுங்கள். கிடைப்பது ஒரே நிமிடம். அதில் ஆட்டக்காரர் மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்கும் நேரம் போனால், காதில் ஏறுவது ஒன்றிரண்டு செய்திகள் மட்டுமே. பலகையில் ஒரே ஒரு நகர்வை வரைந்து, அதை இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடிக்க வீட்டிலேயே கடிகாரத்தை வைத்துப் பயிலுங்கள்.

தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு வரும்போது அது பெரிய அணியாகத்தான் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அலபாக் ஏற்றது, ஆசியான் கூடைப்பந்து லீக்கில் ஆடிய ஆலாப் பிலிப்பினாஸ் அணியை. ரே பார்க்ஸ், ஜஸ்டின் பிரவுன்லீ, ரெனால்டோ பால்க்மன் என வெவ்வேறு இயல்புடையவர்களை ஒன்றிணைத்து, 2018இல் தாய்லாந்தின் மோனோ வாம்பயர் அணியை ஐந்து ஆட்டத் தொடரில் வென்று பட்டம் பெற்றார்.

பட்டம் வென்றபின் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2019இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் சாக்ரமெண்டோ கிங்ஸின் கோடை லீக் பயிற்சிக் குழுவில் சேர்ந்து கற்றார். 2021இல் அந்த அணியின் கிளையான ஸ்டாக்டன் கிங்ஸில் மீண்டும் துணைப் பயிற்சியாளரானார். எனவே தலைமைப் பயிற்சியாளராகப் பெயர் பெற்ற பின்னரும், உங்களைவிட உயர்ந்த தரத்தில் ஆடும் இடத்தில் கீழ்நிலைப் பணி கிடைத்தால், குறுகிய கால வாய்ப்பாக இருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள்.