மாஸ் எஃபெக்ட் 3: ‘ப்ரியாரிட்டி’ என்ற சொல்லை நம்பிக் கெட்டவனின் குறிப்புகள்

போன வாரம் அக்கா மகன் மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளி வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் 2012-ல் நான் செய்த அதே தப்பை, அதே இடத்தில், அதே அவசரத்தோடு அவன் செய்யப் போனபோது வாய் தானாகத் திறந்துவிட்டது.

மறைவில் நின்று சுடு, குண்டு தீர்வதற்குள் மாற்று, மேலேயிருந்து விழாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. செத்தால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். செத்தாலும் புரியாதவை சில உண்டு. பத்து மணி நேரம் கழித்து, திருத்தவே முடியாத இடத்தில்தான் அவை தெரியவரும். கதையின் முடிச்சுகளை உடைத்துத்தான் பேசுகிறேன். வேண்டாம் என்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வரலாம்.

முதல் திரையில் இருக்கும் குழி

புது ஆட்டம் தொடங்கும்போது ஆக்‌ஷன், ரோல் பிளேயிங், ஸ்டோரி என்று மூன்று முறைகளைக் காட்டும். “சுடுகிற கேம்தானே” என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு ஆக்‌ஷனை அமுக்கிவிடுகிறார்கள். அதை எடுத்தால் உரையாடலில் நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் என்ன பேச வேண்டும் என்பதை ஆட்டமே முடிவு செய்துகொள்ளும். 2007-ல் தொடங்கி மூன்று பாகமாக வளர்த்த கதையில், கடைசிப் பாகத்தில் வந்து பேச்சுரிமையை விட்டுக்கொடுப்பதா? ரோல் பிளேயிங்கை எடுங்கள். சண்டை கடினமாக இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது.

துப்பாக்கி மூட்டை

இரண்டாம் பாகத்தில் எந்த வகை வீரர் எந்தத் துப்பாக்கியை எடுக்கலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. மூன்றில் யாரும் எதையும் தூக்கலாம். தூக்கலாம் என்றதும் நான் என் அடெப்டுக்கு (பயாடிக் என்ற மனசக்தியால் சண்டை போடும் வகை வீரர்) ஸ்னைப்பர், ஷாட்கன் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிவிட்டேன். அப்புறம் ஒரு சண்டையில் ஆளைத் தூக்கி எறியும் த்ரோ சக்தியை அமுக்கினால் வேலை செய்யவில்லை. பொத்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து கன்ட்ரோலரையே மாற்றிப் பார்த்தேன்.

கெட்டது பொத்தான் இல்லை, எடை. ஆயுதம் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒரு சதவீதம் காட்டும். கூட்டல் 200-லிருந்து கழித்தல் 200 வரை போகும். சக்திகள் எவ்வளவு வேகமாக மீண்டு வருகின்றன என்பதன் கணக்கு அது. பயாடிக் சக்தியை நம்பி ஆடுபவர்களுக்கு ஒரே ஒரு லேசான கைத்துப்பாக்கி போதும். கூட வரும் லியாராவை, ஆட்களை மிதக்க வைக்கும் சிங்குலாரிட்டியைப் போடச் சொல்லி, அதில் மிதப்பவன் மேல் நீங்கள் த்ரோ அடித்தால் வெடிக்கிற வெடியில் பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து போவான். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை இதைச் செய்ய முடிந்தால் ஷாட்கன் எதற்கு?

‘ப்ரியாரிட்டி’ என்று போட்டிருந்தால் அவசரம் என்று நினைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஆறாத எரிச்சல் இது.

ஆட்டத்தின் முக்கிய மிஷன்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ப்ரியாரிட்டி’, அதாவது முன்னுரிமை, என்று இருக்கும். ப்ரியாரிட்டி: டுச்சாங்கா, ப்ரியாரிட்டி: ரானாக், ப்ரியாரிட்டி: தெஸியா. ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திர இனத்தார் பூமியை எரித்துக்கொண்டிருக்கிறார்கள், அட்மிரல் ஹாக்கெட் போன் போட்டு அவசரப்படுத்துகிறார், வரைபடத்தில் இந்தச் சொல் கண்ணைக் குத்துகிறது. எவனுக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் ஆட்டத்தின் உள்கணக்கு தலைகீழ். ப்ரியாரிட்டி மிஷன் நீங்கள் வரும்வரை எத்தனை நாளானாலும் காத்திருக்கும். காத்திருக்காதவை, அந்தச் சொல் இல்லாமல் பட்டியலில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் மற்றவை. நீங்கள் கதையை முன்னே தள்ளத் தள்ள, அவை சத்தமில்லாமல் செத்துப்போகும்.

கிரிஸம் அகாடமி என்ற பள்ளியிலிருந்து உதவி கேட்டுச் செய்தி வரும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாணவர்களை செர்பெரஸ் என்ற எதிரி அமைப்பு பிடித்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் பாகத்தில் உங்கள் அணியில் இருந்த ஜாக், செர்பெரஸ் தலைமையகத்தில் அவர்களுடைய ஃபேன்டம் என்ற கொலைவீராங்கனையாக வாளோடு உங்கள் எதிரில் நிற்பாள். நீங்கள்தான் அவளைக் கொல்ல வேண்டும். டுச்சாங்கா கிரகத்தில் ஒரு வெடிகுண்டு இருப்பதாகத் தகவல் வரும்; தள்ளிப் போட்டால் அது வெடித்துவிடும். இரண்டிலும் ‘ப்ரியாரிட்டி’ என்ற சொல் கிடையாது.

நான் மாட்டிக்கொண்டது ரானாக்கில். குவேரியன்களும் அவர்கள் படைத்த இயந்திர இனமான கெத்களும் சண்டை போடும் கிரகம் அது. கெத் போர்க்கப்பலுக்குள் புகுந்து நம் கெத் தோழன் லீஜியனை மீட்டு வந்த பிறகு, வரைபடத்தில் மூன்று வேலைகள் தெரியும். குவேரியன் அட்மிரல் கோரிஸைத் தேடிப் போவது ஒன்று. கெத் போர்விமானப் படையை முடக்குவது ஒன்று. மூன்றாவது ப்ரியாரிட்டி: ரானாக். நான் நேராக மூன்றாவதுக்குப் போனேன்.

சண்டை அருமையாகத்தான் இருந்தது. ரீப்பர் தன் கதிர்வாயைத் திறக்கிற நேரம் பார்த்து லேசரால் குறிவைத்து, மேலேயிருக்கும் குவேரியன் கப்பல்களைச் சுட வைக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கதிர் தரையைக் கிழித்துக்கொண்டு காலடிக்கு வரும்வரை குறியை விடாமல் பிடித்திருந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் உருண்டேன். ரீப்பர் விழுந்தது. எழுந்து கை தட்டினேன், வீட்டில் யாரும் இல்லை.

அப்புறம் லீஜியன், ரீப்பர் நிரலைத் தன் இனம் முழுவதுக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னது. கூட வந்த குவேரியன் தோழி டாலி வேண்டாம் என்று கெஞ்சினாள். திரையில் எனக்குக் கிடைத்த வழி இரண்டே இரண்டு: இவர்கள் அல்லது அவர்கள். சமாதானம் என்று ஒரு மூன்றாவது வழி உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. லீஜியன் பக்கம் நின்றேன். வானத்தில் குவேரியன் கப்பல்கள் ஒவ்வொன்றாக எரிந்து விழுந்தன. டாலி முகமூடியைக் கழற்றினாள், மலை விளிம்பில் நின்றாள், பின்பக்கமாகச் சாய்ந்தாள். ஷெப்பர்ட் ஓடிப் பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியவில்லை. மூன்று பாகமாகக் கூட வந்தவள்.

சரி, லோட் பண்ணலாம் என்று போனேன். இருந்தது ஒரே சேவ், அதுவும் ரானாக்கில் இறங்கிய பிறகு போட்டது. அதற்கு முந்தையது டுச்சாங்கா காலத்தது. பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த இடத்தில் ஆட்டம் ரகசியமாக ஒரு புள்ளிக்கணக்கு வைத்திருக்கிறது. மொத்தம் ஏழு புள்ளி, சமாதானத்துக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். கோரிஸைக் காப்பாற்றினால் புள்ளி, போர்விமானப் படை மிஷனை முடித்தால் புள்ளி. மீதி எல்லாம் இரண்டாம் பாகத்தில் சம்பாதித்திருக்க வேண்டியவை: டாலியின் விசாரணையில் அவளை நாடு கடத்த விடாமல் காப்பாற்றியது, பிரிந்துபோன கெத்களை அழித்தது, கப்பலில் டாலிக்கும் லீஜியனுக்கும் நடந்த சண்டையைத் தீர்த்துவைத்தது. இதோடு அந்த நேரத்தில் உங்கள் மதிப்புக் கோடும் நன்றாக ஏறியிருக்க வேண்டும். அந்தக் கோடு எதில் ஏறுகிறது? நாம் தள்ளிப்போடுகிற அதே சில்லறை வேலைகளில்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். முந்தைய பாகங்களை ஆடாமல் மூன்றிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு ரானாக்கில் சமாதானம் கிடையாது. அவர்களுடைய கதையில் லீஜியனே உயிரோடு இருக்காது. 2021-ல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்துவிட்ட பிறகும் “கடைசிப் பாகம்தான் நல்லா இருக்குமாம்” என்று நேராக மூன்றைத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா மகன் அன்றைக்கு ப்ரியாரிட்டி: ரானாக் மேல்தான் கையை வைத்திருந்தான். “டேய், நில்லு” என்றேன். “மாமா, ப்ரியாரிட்டினு போட்டிருக்கே” என்றான். “அதனாலதான் சொல்றேன்.” முறைத்தான். ஆனாலும் கப்பலைத் திருப்பினான். முதலில் போர்விமானப் படை மிஷனுக்காகக் கெத் நினைவகத்துக்குள் போனான். அதை வெறும் துணை மிஷன் என்று சொல்லவே மனசு வராது. குவேரியன்கள் சொன்ன வரலாற்றின் மறுபக்கம் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கடைசி முடிவை எடுப்பது பாதிக் கதை கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது மாதிரி. அப்புறம் கோரிஸ். அட்மிரலைக் காப்பாற்றுவதா, அவருடைய ஆட்களைக் காப்பாற்றுவதா என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஆட்களைக் காப்பாற்றினான். ஒரு புள்ளி போச்சு. இரண்டாம் பாகத்தை ஒழுங்காக ஆடியிருந்ததால் தப்பித்தான். டாலி உயிரோடு இருக்கிறாள். லீஜியன் அப்போதும் போய்விடும். அதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒரே சேவ்

வேண்டாம். மேலே படித்தீர்களே.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது

செவ்வாய் கிரகத்தில் அடிபட்ட உங்கள் பழைய தோழர் ஆஷ்லியோ கெய்டனோ, உங்கள் கதையில் யார் பிழைத்திருக்கிறார்களோ அவர், சிட்டாடல் விண்வெளி நிலையத்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். ஒரு தடவை எட்டிப் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். சிட்டாடலுக்கு வரும்போதெல்லாம் போய்ப் பேசுங்கள். பின்னால் செர்பெரஸ் சிட்டாடலைத் தாக்கும்போது அவர் துப்பாக்கியை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பார். உங்களை நம்புவதா வேண்டாமா என்பதில் இந்தச் சந்திப்புகளுக்கும் பங்கு உண்டு. நம்பாவிட்டால், அவர் அந்த இடத்தைத் தாண்டி உயிரோடு வராமல் போகலாம். அதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் பாகத்தில் கூட வந்த தேய்ன் என்பவரும் இருக்கிறார். தாக்குதலுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், பின்னால் வாய்ப்பில்லை.

இரண்டாம் பாகத்தில் கூட வந்த மிராண்டாவின் கதையும் இதே ரகம். சந்திக்கக் கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும், மனிதர்களின் படையான அலையன்ஸின் வசதிகளைக் கேட்டால் கொடுக்க வேண்டும், செர்பெரஸின் கொலையாளி காய் லெங் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஹொரைசன் மிஷனில் அவள் பிழைக்க மாட்டாள்.

ஜர்னலை நம்புவது

சிட்டாடலில் நடந்துபோகும்போது யாரோ யாரிடமோ பேசுவது காதில் விழும். உடனே அது ஒரு வேலையாக ஜர்னலில் ஏறிவிடும். வெளியே போய்க் கிரகங்களை ஸ்கேன் செய்து அந்தப் பொருளை எடுத்துவிட்டீர்கள் என்றாலும், ஜர்னலில் எழுதியது அப்படியே இருக்கும். எடுத்தாயிற்றா இல்லையா என்று அது சொல்லாது. முதல் இரண்டு பாகத்தில் ஒழுங்காக இருந்த விஷயத்தை ஏன் இப்படி ஆக்கினார்கள் என்று இதைத் தயாரித்த பயோவேரைத்தான் கேட்க வேண்டும். ஒரு தாளில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்காமல்.

நீலமா சிவப்பா என்று ஒரே நிறத்தில் நிற்பது

நல்லவனாகப் பேசினால் நீலம், முரடனாகப் பேசினால் சிவப்பு. ஒன்றையே பிடித்துக்கொள்வது முந்தைய பாகங்களின் பழக்கம். மூன்றில் இரண்டும் ஒரே கோட்டில் சேரும். மனசுக்குப் பட்டதைப் பேசுங்கள்.

தெஸியாவில் திரும்பத் திரும்ப லோட் செய்வது

காய் லெங்கோடு நடக்கும் முதல் சண்டையில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் முடிவு தோல்விதான். கதை அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நான் நான்கு தடவை லோட் செய்தேன். செய்யாதீர்கள். அந்த மிஷனுக்கு ஜாவிக் என்ற தோழனைக் கூட்டிப் போங்கள்; அந்தக் கிரகத்து அசாரி இனத்தின் கடவுளைப் பற்றி அவன் வாயிலிருந்து கேட்பதற்காகவே ஒரு தடவை போகலாம்.

மல்டிபிளேயர் ஆடாமல் நல்ல முடிவு வராது என்று பயப்படுவது

2012-ன் பழைய கணக்கு அது. 2021 தொகுப்பில் மல்டிபிளேயரே இல்லை.

கடைசியில் அந்தப் பையன் மேல் சுடுவது

முடிவைப் பற்றி எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2012 ஜூனில் இலவசமாக நீட்டிக்கப்பட்ட முடிவு ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தை உருவத்தின் மேல் கடுப்பில் சுட்டால் அதுவும் ஒரு பதில்தான். ரீப்பர்கள் ஜெயிப்பார்கள், ஆட்டம் முடியும். துப்பாக்கியை இறக்கி வையுங்கள்.

செர்பெரஸ் தலைமையகத்துக்கு யோசிக்காமல் கிளம்புவது

அதற்குப் பிறகு திரும்பி வர வழியில்லை. லெவியாதன், ஒமேகா, சிட்டாடல் கூடுதல் கதைகள் மூன்றையும் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். சிட்டாடலை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பார்ட்டி இருக்கிறது, யாரெல்லாம் உயிரோடு இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள். நான் முதல் தடவை ஆடியபோது டாலி வரவில்லை.