கொல்லையில் கருவாட்டு வாடைக் கட்டி கிடந்தால்

போன ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, காலையில் வேலியோரம் நின்று கூப்பிட்டார். "இங்க வந்து பாருடி, எவனோ கருவாட்டை வீசிட்டுப் போயிருக்கான்." போய்ப் பார்த்தால், தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புக் கட்டி. அம்மா குனிந்து எடுப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் நாய் மணி அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டான்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்களுக்கு இது என்னவென்று தெரிவதில்லை. அது ரக்கூன்களுக்கான வெறிநோய்த் தடுப்பு மருந்து. ரக்கூன் என்பது கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு ராத்திரியில் திரியும் ஒரு காட்டு விலங்கு. நம் ஊரில் வெறிநோய் என்றால் தெருநாய்தான் நினைவுக்கு வரும், இங்கே ரக்கூன். 1970களில் வேட்டைக்காகத் தெற்கேயிருந்து ரக்கூன்களைப் பிடித்துவந்து மேற்கு வர்ஜீனியா எல்லைப் பக்கம் விட்டபோது நோயும் கூடவே வந்து பரவியது என்கிறார்கள். அது இன்னும் மேற்கே போய்விடாமல் மறிக்கத்தான் அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு காட்டுப் பக்கம் விமானத்திலிருந்து, மருந்தை உள்ளே வைத்த இந்த இரையைத் தூவுகிறது. ஊருக்குள் வண்டியில் போய்ப் போடுகிறார்கள்.

மீன்மாவுக் கட்டிக்குள் ஒரு சின்னப் பை, அதற்குள் திரவ மருந்து. ரக்கூன் கடிக்கும்போது பை கிழிந்து மருந்து வாயெல்லாம் படவேண்டும். அப்போதுதான் வேலை செய்யும். கட்டி இல்லாமல், தக்காளி சாஸ் பாக்கெட் மாதிரி மீன்தூள் ஒட்டிய பையாகவும் வரும். இன்னொரு வகை பச்சை நிறம், இனிப்பு வாசனை. குழந்தைகளிடம் அதைக் காட்டி, தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரி, கண்ணில் பட்டால்? புதரோரம் கிடந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் கிடந்தால் கையுறை போட்டு எடுத்து, மரத்தடியில் தள்ளிப் போடுங்கள். உடைந்திருந்தால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மருந்து கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, இரையின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

நாய் கவ்விவிட்டால் பிடுங்கவே பிடுங்காதீர்கள். இதை நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். 2000இல் ஓஹையோவில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் நாயின் வாயிலிருந்து இரையை இழுக்கப்போய்க் கடிபட்டார். அந்த மருந்து, வெறிநோய்க் கிருமியின் ஒரே ஒரு மரபணுவை வாக்சினியா என்ற அம்மை வகை வைரஸில் ஏற்றிச் செய்தது. அதனால் வெறிநோய் வராது. ஆனால் அந்த வைரஸ் கடிவாயில் புகுந்து கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. நாய்க்கோ அதைத் தின்பதால் பெரிய கெடுதல் இல்லை. நாலைந்து தின்றால் வயிறு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். இரை போட்ட முதல் ஐந்து நாளாவது நாயைக் கயிற்றில் கட்டியே கூட்டிப்போங்கள். நாம் காப்பாற்ற நினைப்பது நாயை மட்டுமல்ல, ரக்கூனுக்குப் போகவேண்டிய மருந்தையும்தான்.

இரை தின்றுவிட்டதே என்று நாயின் வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பென்சில்வேனியாவில் நாய், பூனை இரண்டுக்கும் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். அப்புறம், குப்பைத்தொட்டியை இறுக மூடுங்கள். பூனைச் சோற்றை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். வயிறு நிறைந்த ரக்கூன் இரையை ஏன் தேடப்போகிறது? ரக்கூன் கடித்துவிட்டாலோ பிராண்டிவிட்டாலோ உடனே 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அம்மா தினமும் காலை ஜன்னல் வழியே அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கட்டியைக் காணோம், பல் பதிந்து கிழிந்த பை மட்டும் கிடந்தது. "தின்னுடுச்சுடி!" என்று என்னை எழுப்பினார். கையுறை போட்டுக்கொண்டு போய் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன்.