அரைமணி நேரத்தில் அணைந்துபோன படகு எஞ்சின்

புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் எங்கள் சிறிய பாய்மரப் படகைக் குடும்பத்தோடு செலுத்தி, தேங்காய்த்திட்டுப் பக்கத்து அலையாத்தித் திட்டுகளைச் சுற்றி வருவது வழக்கம். காற்று விழுந்தால் கைகொடுப்பது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின்தான். அது அரைமணி நேரம் ஓடியதும் திணறி அணைந்து, சற்றுப் பொறுத்து இழுத்தால் மீண்டும் ஓடியது.

ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினேன். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நிமிடம் ஓட்டிக் காட்டினார். அங்கே பழுதே தெரியவில்லை. அந்தச் சில நிமிடச் சோதனைதான் எல்லோரையும் ஏமாற்றியது.

அடுத்த முறை அணைந்தபோது, பெட்ரோல் குழாயின் நடுவே, கையால் அழுத்திப் பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்ற உதவும் ரப்பர் பல்பு பிதுக்கிய எலுமிச்சைமூடிபோல் ஒட்டிக் கிடந்ததை என் மகள்தான் காட்டினாள். பல்பு வெறுமனே தொளதொளத்தால் காற்றுக் கசிவையும் சந்தேகிக்கலாம். உள்வாங்கி ஒட்டினால் டேங்க் பக்கத்தில்தான் அடைப்பு. டேங்க் மூடியைத் திருகியதும் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுபட, பல்பு உப்பியது.

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று நுழைய வழிவிடும், படகின் பக்கவாட்டில் திறக்கும் காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் வலை இல்லை. குளவி ஒன்று அதை மண் வைத்து அடைத்திருந்தது. கம்பியால் குத்தினால் மண் டேங்குக்குள் விழும் என்பதால், குழாயைக் கழற்றி வெளியே வைத்துத் தட்டிச் சுத்தம் செய்து, வாயில் துருப்பிடிக்காத எஃகு வலை பொருத்தினேன். அதன்பின் முகத்துவாரம்வரை போய்த் திரும்பியும் எஞ்சின் அணையவில்லை.