பட்டதாரி ஆசிரியராக விரும்புவோருக்கு: பி.எட். படிப்பைத் திட்டமிடுவதும் படிப்பதும்

பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘இடைநிலை ஆசிரியர்’ எனப்படுபவர், பெயரைக் கேட்டு நாம் நினைப்பதுபோல் உயர்நிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பவர் அல்லர்; பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு குறிப்பிட்ட பாடத்தைக் கற்பிப்பவர் ‘பட்டதாரி ஆசிரியர்’. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உரியவர் ‘முதுகலை ஆசிரியர்’. பின்னைய இரண்டு பணிகளுக்கும் பல்கலைக்கழகப் பட்டமும் அதன்மேல் பி.எட். பட்டமும் வேண்டும். இக்கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

பி.எட். பற்றி என்னிடம் கேட்போர் பெரும்பாலும் ‘எந்தக் கல்லூரியில் சேரலாம்?’ என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் இளங்கலையில் படிக்கப்போகும் பாடம் பள்ளியில் ஒரு பாடமாக இருக்கிறதா?

இளங்கலையிலேயே முடிவாகிவிடும் செய்தி

பள்ளியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை இருப்பவை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களே. எனவே பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களும் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்ற பட்டங்களைச் சுற்றியே அமைகின்றன. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற புதிய பெயர் கொண்ட பட்டங்களை எடுப்பவர்கள் தங்கள் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு நிகராகக் கருதப்படுகிறது என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ‘இணைத்தன்மை’ குறித்து அரசாணைகள் அவ்வப்போது வெளிவருகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அப்படியே அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘அதே பாடத்திட்டம்தானே’ என்ற வாதம் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் எடுபடாது.

வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களை எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. இவை மேல்நிலை வகுப்புகளில்தான் தனிப் பாடங்களாக வருகின்றன என்பதால், தமிழ்நாட்டில் இவற்றில் பி.எட். சேர இளங்கலை போதாது. அதே பாடத்தில் முதுகலையும் முடித்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணியைக் குறிவைப்போர் அனைவருமே இளங்கலை, முதுகலை இரண்டையும் ஒரே பாடத்தில் படிப்பது பாதுகாப்பானது. இளங்கலையில் ஒன்று, முதுகலையில் வேறொன்று என்று மாறிப் படித்தவர்களைக் ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள். மதிப்பெண் பெற்றும் அந்தச் சொல்லில் சிக்கிப் பணியை இழந்தவர்கள் உண்டு.

படித்த வரிசையும் கவனிக்கப்படும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. பி.எட். வகுப்புக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் முதுகலையையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானதுதான். ஆனால் ஒரே காலத்தில் படித்த இரண்டு பட்டங்கள் பணி நியமனத்தின்போது வழக்குகளாக மாறியதுண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதால் இழக்கும் காலம், வழக்கில் இழக்கும் காலத்தைவிடக் குறைவு.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஆசிரியர் பணி என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டவர்களுக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பும் இருக்கிறது. மைசூரிலுள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம், தென்மாநில மாணவர்களுக்காக இத்தகைய படிப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஒருங்கிணைந்த பட்டம் உண்டு. தேசிய அளவிலான புதிய நான்காண்டுப் படிப்புக்குத் தேசியத் தேர்வு முகமை 2023 முதல் பொது நுழைவுத் தேர்வு நடத்துகிறது. பட்டமும் பி.எட்.டும் தனித்தனியே ஐந்தாண்டு எடுக்கும் நிலையில் இதில் ஓராண்டு மிச்சமாகிறது. ஆனால் பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபதில் மாறிவிட்டால் வெளியேறுவது கடினம் என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுப் படிப்பாக மாறியது. நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட்.டை மீண்டும் கொண்டுவரும் வரைவு விதிமுறைகளை 2025 பிப்ரவரியில் அக்குழுமம் வெளியிட்டது. ‘ஓராண்டில் முடித்துத் தருகிறோம்’ என்று எவரேனும் சொன்னால், உங்கள் ஆண்டுக்கு நடைமுறையில் உள்ள விதி எது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சேர்வதற்குப் பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்று தளர்வு உண்டு. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு மூலம் சேர்க்கை நடைபெறும். சென்னை சைதாப்பேட்டைக் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம், திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் கல்லூரி, குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை ஆகிய இடங்களின் அரசுக் கல்லூரிகள் ஒருபுறம். இராயப்பேட்டை மெஸ்டன், மதுரை தியாகராசர், பாளையங்கோட்டை தூய சவேரியார் போன்ற உதவிபெறும் கல்லூரிகள் மறுபுறம். இங்கே இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கட்டணம் குறைவு என்பதைவிட, இவற்றுக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் பல்லாண்டுத் தொடர்பு இருப்பதே பெரிய நன்மை. பயிற்சிக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால், அது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பையும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரத்தையும் பெற்றிருக்கிறதா என்பதை அவ்விரு அமைப்புகளின் இணையதளங்களிலேயே சரிபாருங்கள். பிறகு ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், காலை பதினொரு மணிக்குக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். வகுப்பறையில் மாணவர்கள் இருக்கிறார்களா என்பதை எந்த விளம்பரத் துண்டறிக்கையும் சொல்லாது. ‘வரத் தேவையில்லை, தேர்வுக்கு வந்தால் போதும், ரெக்கார்டு நோட்டுகளையும் நாங்களே எழுதித் தருகிறோம்’ என்று வெளிப்படையாகவே பேரம் பேசும் இடங்கள் இருக்கின்றன. விதிப்படி பாடவேளைகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். அந்த விதியை விற்பவர்கள் உண்மையில் உங்களிடமிருந்து பறிப்பது, தவறு செய்ய அனுமதியுள்ள ஒரே காலத்தை. பணியில் சேர்ந்த முதல் நாளில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், அந்தத் தவறுகளைச் செய்ய நேரிடும்.

தொலைநிலை பி.எட். எல்லாருக்கும் உரியதன்று. பணியிலிருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கநிலை ஆசிரியர்கள், நேரடி முறையில் ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அது திறந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளில் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது

முதலாண்டில் குழந்தை வளர்ச்சி, சமகால இந்தியாவும் கல்வியும், கற்றலும் கற்பித்தலும், பாலினமும் பள்ளியும் சமூகமும் போன்ற தாள்கள் வரும்; உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் முறை குறித்த தாள் இரண்டு ஆண்டுகளிலும் தொடரும். இரண்டாமாண்டில் மதிப்பீடு, கலைத்திட்டம் (பள்ளியில் எதை எப்படிக் கற்பிப்பது என்ற ஒட்டுமொத்தத் திட்டம்), உள்ளடக்கிய கல்வி (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிப்பது) ஆகியவை சேரும். பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர், புளூம் என்று பெயர்கள் வரிசையாக வரும்போது பலர் அவற்றைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். இதே கல்வி உளவியல் பிற்பாடு ஆசிரியர் தகுதித் தேர்விலும் முதுகலை ஆசிரியர் தேர்விலும் தலா 30 மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கிறது என்பதால், ஒருமுறை புரிந்து படித்துவிடுவது கணக்குப்படி பார்த்தாலும் இலாபம்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சியைப் பலரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டல், விளக்குதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் போன்ற திறன்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உடன் பயில்வோரையே மாணவர்களாக அமர்த்தி ஆறு நிமிடம் கற்பிக்க வேண்டும். அடுத்த ஆறு நிமிடம் கருத்துரை, பன்னிரண்டு நிமிடம் திருத்தித் திட்டமிடல், மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்தல், மீண்டும் ஆறு நிமிடம் கருத்துரை என மொத்தம் 36 நிமிடச் சுழற்சி அது. நண்பர்கள் ‘நல்லா இருந்தது’ என்று மட்டும் சொன்னால் அந்தச் சுழற்சி வீண். ‘நான் எத்தனை கேள்வி கேட்டேன், அவற்றுள் எத்தனைக்கு நானே விடை சொன்னேன் என்று எண்ணிச் சொல்’ என்று ஒருவரை நியமித்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கை சற்றுச் சங்கடப்படுத்தும்.

படிப்பின் உயிர்நாடி பள்ளிப் பயிற்சி. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 20 வாரங்கள்; அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாமாண்டில் வரும். இதற்கான தயாரிப்பில் பாடக்குறிப்புதான் முதன்மையானது. நோக்கங்கள், துணைக்கருவிகள், மதிப்பீடு என்று கட்டம் கட்டி அழகாக எழுதிவிட்டால் பாடம் ஆயத்தமாகிவிட்டதாக நினைப்பது பொதுவான பிழை. எழுத உட்காரும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுமாறும்?

பின்னங்களைக் கூட்டுவதை எடுத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளவற்றைக் கூட்டி இரண்டு, கீழே உள்ளவற்றைக் கூட்டி ஐந்து, ஆகவே ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். பகுதியைச் சமமாக்கும் விதியை மறுபடி சொல்வதால் இந்தப் பிழை போகாது. ‘அரைத் தோசையைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டாய். மொத்தம் அரையைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருக்க முடியுமா?’ என்று கேட்டுவிட்டு, ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்பதைக் காகிதத்தை மடித்துக் காட்டினால், தன் விடை தவறு என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அதன்பின் விதியைச் சொன்னால் அதற்கு ஓர் இடம் இருக்கும். பாடக்குறிப்பில் பிள்ளையின் தவறான விடையையும், அதை எதிர்கொள்ள நீங்கள் கேட்கப்போகும் கேள்வியையும் சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள். எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

பயிற்சிப் பள்ளியில் முதல் வாரம் வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து உற்றுநோக்க வேண்டியிருக்கும். பாடத்தைக் கவனிப்பதைவிட, ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தது முதல் பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பது வரையிலான இரண்டு நிமிடங்களைக் கவனியுங்கள். அனுபவமுள்ளவர்கள் அந்த நேரத்தில் செய்யும் சின்னஞ்சிறு காரியங்கள் எந்தத் தாளிலும் இல்லை. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், பெற்றோர் வந்து பேசும் நேரம் எல்லாவற்றிலும் உடனிருக்க அனுமதி கேளுங்கள். சில பள்ளிகளில் பயிற்சி ஆசிரியரை, விடுப்பிலுள்ளவருக்கு மாற்றாக வெறும் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவார்கள். முகம் சுளிக்காமல் போங்கள். ஆயத்தமில்லாமல் ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் கட்டிக்காப்பதும் பயிற்சிதான்.

தனியாள் ஆய்வு (ஒரு மாணவரை மட்டும் ஆராய்வது), செயலாய்வு (வகுப்பறைச் சிக்கல் ஒன்றை ஆசிரியரே ஆய்ந்து தீர்ப்பது), அடைவுத்தேர்வு (பிள்ளைகள் கற்றதை அளப்பது) முதலிய பதிவேடுகளை அந்தந்த வாரமே எழுதிவிடுங்கள். கடைசி மாதத்தில் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியதைப் புறத்தேர்வாளர் இரண்டு கேள்விகளில் கண்டுபிடித்துவிடுவார்.

பட்டத்துக்குப் பின்

பட்டதாரி ஆசிரியர் பணிக்கு, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். மொத்தம் 150 வினாக்கள்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, எஞ்சிய 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவினர் 90 மதிப்பெண் பெற வேண்டும். மற்றப் பிரிவினருக்கான தளர்வை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள். இச்சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும். தகுதித் தேர்வில் வென்றாலே வேலை என்ற நிலை 2018 அரசாணையோடு முடிந்துவிட்டது. அதன்பின் தனியே ஒரு போட்டித் தேர்வு உண்டு. 2024 பிப்ரவரியில் நடந்த அத்தேர்வில் 50 மதிப்பெண்ணுக்குக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் இருந்தது. அதில் 40 விழுக்காடு எடுக்காதவர்களின் பாடத்தாள் கணக்கில் கொள்ளப்படவில்லை. முதுகலை ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வு இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு மட்டுமே. இரண்டிலும் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாட அறிவு என்பதால், பி.எட். காலத்தில் இளங்கலைப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களையும் வரி விடாமல் படியுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணிகளில் தமிழ் வழிப் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின், பள்ளிப் படிப்பு முதல் பணிக்குரிய பட்டம் வரை முழுவதையும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அதைக் கோர முடியும். ஆகவே தொடக்கப் பள்ளியிலிருந்து பி.எட். கல்லூரி வரை ஒவ்வொரு நிறுவனத்திலும் தமிழ் வழிச் சான்றிதழ் தனித்தனியே பெற வேண்டும். பி.எட். மாற்றுச் சான்றிதழை வாங்கும் அன்றே அக்கல்லூரியின் தமிழ் வழிச் சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊர்ப் பள்ளிக்கு ஒரு விடுமுறை நாளில் அல்லாமல், அலுவலகம் திறந்திருக்கும் நாளில், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நேரம் கொடுத்துப் போங்கள்.