வட சென்னையில் ஏ.சி. பராமரிப்பு: உப்பு, சாம்பல், சாக்கடை வாடை

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஏ.சி.யைக் கொல்வது வெயில் மட்டுமல்ல. கடல் காற்றோடு வரும் உப்பு அவுட்டோர் யூனிட்டின் அலுமினிய ஃபின்களை (மெல்லிய தகடுகளை) அரிக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், அதன்மேல் விழும் அனல்மின் நிலையச் சாம்பலும் லாரித் தூசியும் உதிராமல் பசையாக ஒட்டுகின்றன. ஃபின்கள் மாட்டிய குழாய்ச் சுருளான காயில் இப்படி அடைத்துக்கொண்டால் உள்ளே இழுத்த சூடு வெளியே போக வழியில்லை. கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் திணறி, மே மாத மதியம் பார்த்து நின்றுவிடும். அதனால் இந்தப் பகுதியில் முதல் கவனிப்பு அவுட்டோருக்குத்தான்.

வேலையை மாசி மாதமே முடித்துவிடுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பத்து நிமிடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடுவார்.

அவுட்டோர் மொட்டை மாடியிலோ தரையிலோ இருந்தால் நீங்களே கழுவலாம். சுவரில் தொங்கினால் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, எம்.சி.பி.யை (ஏ.சி.க்குக் கரண்ட் போகும் பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே கெபாசிட்டரிலும் இன்வெர்ட்டர் போர்டிலும் மின்சாரம் தேங்கி நிற்கும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெரியும் ஃபின்களை முதலில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். பிறகு சாதாரண ஹோஸ் பைப்பில், நேராக, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். கீழே வழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை நிறுத்த வேண்டாம். பைக் கழுவும் பிரஷர் பம்ப்பைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் சப்பையாகிவிடும். ஒரு மணி நேரம் காயவிட்டு எம்.சி.பி.யை ஏற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது இங்கே பெரிய விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் பூசியதாகத்தான் ஆகும். மெட்ரோ வாட்டர் நான்கு குடம் ஒதுக்குங்கள். சிலர் "கெமிக்கல் வாஷ்" என்று ஆசிட் ஊற்றுவார்கள். காயில் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஃபின் மெலிந்து சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீர் விடுவது நல்லது.

சுவர் ஸ்டாண்டை யாரும் பார்ப்பதில்லை. துருப்பிடித்த இரும்பு ஆங்கிள் ஒருநாள் முப்பது கிலோ யூனிட்டோடு கீழே நடப்பவர் தலையில் இறங்கும். வருடம் ஒருமுறை துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். போல்ட் துரு பிடித்திருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடுங்கள். புதிதாக மாட்டுபவர்கள் முடிந்தவரை கடலைப் பார்த்த கிழக்குச் சுவரைத் தவிர்க்கலாம்.

உள்ளே ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் வாரம் ஒருமுறை, குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் பாசி அடைப்பு, அல்லது பைப் எங்கோ மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு அருகிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் வேறொரு தொல்லை. வீட்டில் வெள்ளிக் கொலுசு வழக்கத்தைவிட வேகமாகக் கறுக்கிறதா? சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக இருக்கலாம். அது இண்டோரின் செம்புக் குழாயையும் கறுக்கவைத்து, மெல்ல ஊசித் துளை போடும். வெளியே பளபளவென்று இருக்கும் ஏ.சி.யில் திரும்பத் திரும்ப கேஸ் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டிரெயின் பைப்பைக் கழிவுநீர் லைனிலோ பாத்ரூம் குழியிலோ சொருகியிருந்தால் உடனே வெளியே எடுங்கள். இண்டோருக்குள் இருக்கும் ஃபேனான புளோவர் காற்றை இழுக்கும்போது அந்த வாயுவும் பைப் வழியாக நேராகக் காயிலுக்கு ஏறும். பைப்பின் முனை திறந்த வெளியில், தண்ணீரில் முங்காமல் இருக்க வேண்டும். புது ஏ.சி. வாங்கும்போது அவுட்டோர் மட்டுமல்ல, இண்டோர் காயிலுக்கும் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

"கேஸ் கம்மி" என்று மெக்கானிக் சொன்னால் அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் போல ஏ.சி. கேஸ் தீர்ந்துபோகாது, குறைந்தால் எங்கோ ஓட்டை. கேஸ் குறைந்தால் மட்டுமல்ல, ஃபில்டர் அடைத்தாலும் பைப்பில் ஐஸ் கட்டும், அதனால் முதலில் அதைக் கழுவிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். 15 நிமிடம் ஓடியபின், இண்டோருக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸில் குறை இருக்க வாய்ப்பில்லை. புழுக்கம் அதிகமான நாளில் சற்றுக் குறையலாம். நிஜமாகவே லீக் என்றால் வரிசை இதுதான்: பைப்பில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரையால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது, அடைப்பது, வாக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, பிறகு நேம் பிளேட்டில் உள்ள கிராம் கணக்கில் எடை போட்டு நிரப்புவது. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷர் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து நிரப்புவது குத்துமதிப்புதான். பல ஏ.சி.களில் இருக்கும் ஆர் 32 கேஸ் தீப்பற்றக் கூடியது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஏர் கூலர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, அறைதான் இன்னும் பிசுபிசுக்கும். அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடியுங்கள். ஏ.சி.யை 24-26ல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொண்டால் கரண்ட் பில் தாங்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல அவுட்டோருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் எம்.சி.பி.யை ஏற்றாதீர்கள். மெக்கானிக் மூடியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, போர்டையும் டெர்மினல்களையும் உலர்த்தி, கம்ப்ரசர் வயரிங்கில் கசிவு இல்லை என்று மெக்கர் மீட்டரில் (மின்கசிவைச் சோதிக்கும் கருவி) பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.