இறங்கிக்கொண்டே இருந்த பின்சக்கரம்: என் அனுபவம்

தரமணியிலிருந்து திருவான்மியூர் வரை நாள்தோறும் நான் ஓட்டும் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் மாலையில் அடித்த காற்று, மறுநாள் காலையில் பாதிக்குமேல் இறங்கியிருக்கும். டியூபை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி ஒட்டுப் போட்டேன். இரண்டே நாளில் மறுபடியும் இறங்கியது. இம்முறை ஓட்டை வேறிடத்தில் இருந்ததால், டியூப் நைந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது மாட்டினேன். அதுவும் மூன்று நாள்தான் தாங்கியது. டயரின் உட்புறத்தை விரலால் தடவியும் எதுவும் அகப்படவில்லை.

பழைய டியூபைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அதைத் தரையில் விரித்து அளந்தபோது, முதல் ஒட்டு வால்வுக்கு வலப்புறம் 22 சென்டிமீட்டரிலும், இரண்டாவது ஓட்டை இடப்புறம் அதே 22 சென்டிமீட்டரிலும் இருந்தன. ஒட்டுப் போட்டபின் டியூபைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்; அதனால் ஒரே இடம் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. புதிய டியூபின் ஓட்டையும் அதே தொலைவில்தான்.

டயரின் ஒரு விளிம்பை மட்டுமே ஒவ்வொரு முறையும் கழற்றியதால், அது ரிம்மில் இடம் மாறியிருக்கவில்லை. எனவே வால்வுத் துளையிலிருந்து அளந்து, அவ்விடத்தை உட்புறம் வெளியே தெரியுமாறு மடக்கி, பஞ்சால் துடைத்தேன். பஞ்சிழை சிக்கிய இடத்தில் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி இருந்தது. லாரி டயர்கள் தேய்ந்து கிழியும்போது சாலையில் உதிரும் வகை. டயர் அழுந்தும்போது மட்டுமே முனை உள்ளே நீண்டதால் விரலுக்குத் தட்டுப்படவில்லை. குறடால் பிடுங்கினேன். மூன்று வாரமாகக் காற்று நிற்கிறது, நானும் நிம்மதியாக இருக்கிறேன்.